மவுசு குறைந்த வெள்ளிக் கோப்பை

1871-ஆம் வருஷம் ஜூலை மாதம் 20-ஆம் தேதி லண்டனில் ‘ஸ்போர்ட்ஸ்மன்’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் காரியாலயத்தில் சில கனவான்கள் கூடியிருந்தபோது, கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாக இருந்த சார்ல்ஸ் ஆல்காக் ஒரு யோசனையை அவர்கள் முன் வைத்தார். சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் யாவும் போட்டியிடத் தக்கதாக ஒரு கோப்பையை ஏற்படுத்தலாம் என்பதே அந்த யோசனை. தாம் படித்த ஹாரோ பள்ளியில் மாணவர் இல்லங்களுக்குள் நடந்துவந்த பந்தயத்தில், தோற்றவர்கள் அத்துடன் விலகிக்கொள்ள, வென்றவர்கள் மட்டும் மேலே சென்றுகொண்டிருக்கும் வழக்கத்தை இளமையில் கண்டு ரசித்தவர் அவர். அந்தப் பள்ளிக்கூட விதியைத்தான் தேசத்துக்கே பொதுவாக்கினார். இருபது பவுன் செலவில் ஒரு சிறிய வெள்ளிக் கோப்பை செய்யப்பட்டது. முதல் வருஷம் பெயர் கொடுத்த கழகங்கள் பதினைந்து. அவற்றிலும் சில, ஒரு பந்தயம்கூட ஆடாமலே விலகிக்கொண்டன.

அந்தக் காலத்துக் கால்பந்து, உயர்குடிப் பிள்ளைகளும் ராணுவ அதிகாரிகளும் வக்கீல்களும் ஓய்வு வேளையில் ஆடிய ஆட்டமாகையால், கோப்பைக்காக யாரும் உயிரை விட்டுவிடவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து புறப்பட்டு வந்த குவீன்ஸ் பார்க் கழகம், அரையிறுதியில் வாண்டரர்ஸ் கழகத்துடன் கோல் எதுவும் இல்லாமல் சமமாக ஆடி முடித்தது. ஆனால் மறு ஆட்டத்துக்காக மீண்டும் லண்டன் வந்துபோகக் கையில் பணமில்லாமல் விலகிவிட்டது. 1872 மார்ச் 16 அன்று கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் இறுதிப் போட்டியைச் சுமார் 2,000 பேர் பார்த்தார்கள். ராயல் எஞ்சினியர்ஸ் என்ற ராணுவ அணியை வாண்டரர்ஸ் 1-0 என்ற கணக்கில் வென்றது. அந்த ஒரே கோலை அடித்த மார்ட்டன் பெட்ஸ் ஒரு புனைபெயரில் ஆடியவர். கோப்பைக்கு யோசனை சொன்ன ஆல்காக்கே வென்ற அணியின் தலைவர் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இப்படிப் பொழுதுபோக்காகத் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பை, பின்னால் நூறு வருஷ காலம் இங்கிலாந்து மக்களின் பெரிய திருவிழாவாக விளங்கியது. இன்றோ பெரிய கழகங்கள் அதைச் சுமையாக நினைக்கின்றன. ரசிகர்களில் பலர் பாதி மனத்தோடு பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் தொலைக்காட்சிப் பணமும் பேராசையுந்தான் என்று அங்கே பழைய தலைமுறையினர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு, கழகங்கள் கோப்பையைக் கண்டு அஞ்சத் தொடங்கியது நேற்று இன்று அல்ல, 1888-ஆம் வருஷத்திலேயே என்பது தெரியவரும்.

அந்தக் கதைக்கு முன்னுரையாக 1883-ஆம் வருஷத்து இறுதிப் போட்டியைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணி. அதற்குத் தலைவர், ஒன்பது இறுதிப் போட்டிகளில் ஆடி ஐந்தில் வென்றவரும் பின்னாளில் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக முப்பது வருஷங்களுக்குமேல் வீற்றிருந்தவருமான கின்னேர்ட் பிரபு. மறு பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற கழகம்: லங்காஷயரின் பஞ்சாலை ஊர் ஒன்றிலிருந்து வந்த நெசவாளிகள், நூற்பாளிகள், குழாய் வேலைக்காரர் முதலியோர். உள்ளூர் இரும்பு வார்ப்படச் சாலை முதலாளி ஒருவர் பணம் கொடுத்து, அவர்களைப் போட்டிக்கு முன்பே பிளாக்பூல் கடற்கரைக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்திருந்தார். காலை ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் போர்ட் ஒயினும் இரண்டு பச்சை முட்டையும், பிறகு கடல் மணலில் நீண்ட நடை, திரும்பிவந்து கஞ்சியும் மீனும், பகலில் ஆட்டுத்தொடை இறைச்சி, இரவில் ஆளுக்கு அரை டஜன் சிப்பி என்று அவர்களுடைய நித்திய போஜனம் வகுக்கப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய முன்னேற்பாடே அநாகரிகமாகத் தோன்றியிருக்கும். ஆட்டம் நீட்டிக்கப்பட்ட நேரத்தில் காஸ்ட்லி என்ற நூற்பாளி அடித்த கோலால் ஒலிம்பிக் 2-1 என்று வென்றது. அதன் பிறகு பள்ளிக்கூடப் பிரபுக்களின் கைக்குக் கோப்பை திரும்பவே இல்லை.

ஆலைத் தொழிலாளி விளையாட வந்தால் அவனுக்குக் கூலி வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இலவசமாகப் பந்து உதைக்க அவனால் முடியாது. எத்தனையோ வாக்குவாதங்களுக்குப் பின், ஊதியம் பெற்று ஆடுவதை 1885-இல் சங்கம் சட்டபூர்வமாக்கியது. உடனே ஒரு புதுச் சங்கடம் முளைத்தது. ஆட்டக்காரனுக்கு வாராவாரம் சம்பளம் தர வேண்டும். அதற்கு வாராவாரம் வாயில் வசூல் ஆக வேண்டும். ஆனால் கழகங்களின் கால அட்டவணையோ கோப்பையின் தயவில் இருந்தது. சனிக்கிழமை ஒரு நட்புப் பந்தயம் என்று விளம்பரம் செய்து ஜனங்களையும் கூட்டி வைத்திருப்பார்கள்; எதிரணிக்குக் கோப்பைப் பந்தயமோ மறு ஆட்டமோ வந்துவிட்டால் அவர்கள் வராமல் இருந்துவிடுவார்கள். தன் அணியே கோப்பையில் முதல் சுற்றில் தோற்றுப்போனால், வசந்த காலம் வரை மைதானம் காற்று வாங்கும். நடந்த ஆட்டங்களிலோ பலம் ஒவ்வாமை; 1887-இல் கோப்பைப் பந்தயம் ஒன்றில் பிரெஸ்டன் அணி ஹைட் அணியை 26-0 என்று வென்றதைக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் எத்தனாவது கோலில் கொட்டாவி விட்டார்களோ!

ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரகர், துணிக் கடை நடத்திவந்த ஸ்காட்லாந்துக்காரர். வியாபாரியின் கண்ணோடு இந்த நிலைமையைப் பார்த்தவர். 1888 மார்ச் மாதத் தொடக்கத்தில் சில கழகங்களுக்குக் கடிதம் எழுதி, பன்னிரண்டு கழகங்கள் தங்களுக்குள் ஊர் மாறி ஊர் கட்டாயமாக ஆடிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். அதுதான் ஃபுட்பால் லீக். வெற்றி தோல்வி எதுவானாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு என்ற நிச்சயமே அதன் மூலதத்துவம். அதாவது, கோப்பை என்ற பந்தயத்தின் அநிச்சயத்திலிருந்து கழகங்களின் பெட்டியைக் காப்பாற்றவே லீக் பிறந்தது. கோப்பைக்குக் கவர்ச்சி எதனால் வந்ததோ, அதே குணந்தான் கணக்குப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த முரண்பாடு அன்று தொடங்கி இன்றுவரை தீர்ந்தபாடில்லை. (அதே 1888-இல், சிம்லாவில் மார்ட்டிமர் டியூராண்டின் பெயரால் நம் நாட்டின் முதல் கோப்பைப் போட்டி தொடங்கியது. பட்டாளங்களின் வழியாக இந்த மோகம் கடல் கடந்துவிட்டிருந்தது.)

ஆயினும் பணம் லீக்கில் இருந்ததேயொழிய மனம் கோப்பையில்தான் இருந்தது. 1895 செப்டம்பரில், வில்லா கழகம் வென்றிருந்த அந்த முதல் கோப்பை, பர்மிங்காமில் காலணியும் பந்தும் செய்து விற்ற ஒருவரின் கடைக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது இரவில் களவு போயிற்று. கழகத்துக்கு இருபத்தைந்து பவுன் அபராதம் விதித்தார்கள். கோப்பை திரும்பக் கிடைக்கவே இல்லை. அறுபது வருஷங்களுக்குமேல் கழித்து ஒரு கிழவர், தாமே அதைத் திருடி உருக்கிக் கள்ள நாணயம் செய்ததாகப் பத்திரிகைக்குச் சொன்னார், நம்புகிறவர்கள் நம்பலாம். 1901-ஆம் வருஷம், லீக்கில் இடம் பெறாத டாட்டன்ஹாம் அணி இறுதிப் போட்டிக்கு வந்தபோது, லண்டனின் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் 1,10,820 பேர் கூடினார்கள். மறு ஆட்டத்தில் டாட்டன்ஹாமே வென்றது. முப்பது வருஷங்களுக்கு முன் இரண்டாயிரம் பேர் பார்த்த ஆட்டம் இப்படி வளர்ந்திருந்தது.

கூட்டத்தின் உச்சம் 1923 ஏப்ரல் 28 அன்று. புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி மைதானத்தின் முதல் இறுதிப் போட்டி அது. போல்ட்டனும் வெஸ்ட் ஹாமும் மோதின. மைதானத்தின் கொள்ளளவை நம்பி எல்லாச் சீட்டையும் முன்கூட்டியே விற்காமல் விட்டுவிட்டார்கள். கணக்கில் வந்தவர் 1,26,047 பேர். கணக்கில் வராமல் சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பார்கள். ஆடுகளத்தின் புல்லே தெரியாதபடி ஜனங்கள் நிறைந்துவிட, ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரர் பில்லி என்ற தம் குதிரையின் மேல் அமர்ந்து, கூட்டத்தை அங்குலம் அங்குலமாக எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஒதுக்கினார். முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் ஆட்டம் தொடங்கியது. கோல் போட்டவர்களின் பெயரை மறந்தவர்கள்கூட அந்தக் குதிரையை மறக்கவில்லை.

இந்த மகிமைக்கு இன்னொரு காரணம், சீட்டுக் குலுக்கல். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், வெல்வெட் பையில் எண்ணிட்ட பந்துகளைப் போட்டுக் குலுக்கி, சங்கத்துப் பெரியவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைச் சொல்லுவார்கள். 1935 முதல் இதை பி.பி.சி. வானொலி அஞ்சல் செய்தது. திங்கட்கிழமை மத்தியானம் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், கையில் ரொட்டித் துண்டோடு வானொலியைச் சூழ்ந்து நின்றவர்களுக்கு, பந்துகள் ஒன்றோடொன்று மோதும் சத்தமே நெஞ்சைப் படபடக்கச் செய்தது என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். தரம் பார்த்து இணைகளைப் பிரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆர்செனலின் எண்ணுக்கு அடுத்தபடியாக எந்தச் சிற்றூரின் எண் வேண்டுமானாலும் வரலாம். 1933-இல் அப்படி வந்த வால்சால் ஆர்செனலை 2-0 என்று வென்றது. 1972-இல் லீக்கிலேயே இல்லாத ஹெர்ஃபர்ட், சேறும் சகதியுமான தன் மைதானத்தில் நியூகாசிலை 2-1 என்று வீழ்த்தியது. ரானி ராட்ஃபர்ட் தூரத்திலிருந்து அடித்த சமன் கோலும், சிறுவர்கள் குளிரங்கியோடு களத்துக்குள் பாய்ந்த காட்சியும் ஐம்பது வருஷங்களாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பையை அது கெடுத்தது என்பதற்கு முன்னால், அதுதான் கோப்பையை வளர்த்தது. வருஷம் முழுவதும் கழகங்களின் ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்ப லீக் இணங்காத காலத்தில், மே மாதத்து இறுதிப் போட்டி ஒன்றைத்தான் வீட்டில் உட்கார்ந்து முழுவதுமாகப் பார்க்க முடிந்தது. 1953-இல், அரசியின் முடிசூட்டு விழாவை ஒட்டித் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய குடும்பங்கள், முப்பத்தெட்டு வயது ஸ்டான்லி மாத்யூஸ் பிளாக்பூலைத் தோல்வியின் வாயிலிருந்து மீட்டு 4-3 என்று வெல்லச் செய்ததைக் கண்டன. மார்டென்சன் மூன்று கோல் அடித்தும் போட்டிக்கு மாத்யூஸின் பெயரே நிலைத்துவிட்டது. புகழ் எப்போதும் கணக்குப் பார்ப்பதில்லை. பின்னாளில், காலையிலிருந்தே ஹோட்டலில் வீரர்கள் சிற்றுண்டி சாப்பிடுவதையும், பேருந்து வெம்பிளியை நோக்கி ஊர்வதையும் காட்டுவார்கள். 1983 முதல் லீக் ஆட்டங்களும் நேரடியாக வரத் தொடங்கி, 1992-இல் பிரீமியர் லீக் பிறந்து, வாரத்துக்கு நான்கைந்து ஆட்டம் வீட்டுக்குள் வந்தபோது, அபூர்வமாக இருந்த பண்டம் சந்தைச் சரக்காகிவிட்டது. ரசிகனின் அபிமானம் குறைந்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவன் மனம் மாறவில்லை, அவன் பசி தீர்ந்துவிட்டது.

பெட்டிக் கணக்கு அடுத்தபடி வந்தது. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் விரிவடைந்து, இங்கிலாந்திலிருந்து நான்கு கழகங்களுக்கு இடம் கிடைத்தபின், லீக்கில் நான்காவதாக வருவது கோப்பையை வெல்வதைவிட லாபகரமாயிற்று. கோப்பை வென்றவர்களுக்கென்று 1960 முதல் நடந்துவந்த தனி ஐரோப்பியப் போட்டியும் 1999-இல் நிறுத்தப்பட்டது. பிரீமியர் லீக்கில் கடைசியாக வரும் கழகத்துக்கே இன்று பத்துக் கோடி பவுன் அளவில் கிடைக்கிறது. கோப்பையை வெல்கிறவருக்குச் சில பத்து லட்சங்கள். ஆர்செனலின் பயிற்சியாளராக ஏழு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்று சாதனை படைத்த ஆர்சென் வெங்கரே, நான்காவது இடமும் ஒரு கோப்பைக்குச் சமானம் என்ற பொருள்படப் பேசினார் என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்? 2016-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் லூயி வான் ஹால், இரண்டே நாளில் வேலை இழந்தார்.

அந்த யுனைடெட் கழகமே 1999-இல் செய்த காரியத்தைப் பலர் இன்னும் மன்னிக்கவில்லை. லீக், கோப்பை, ஐரோப்பியப் பட்டம் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற அது, அடுத்த பருவத்தில் கோப்பையைப் பாதுகாக்கக்கூட வராமல், 2000 ஜனவரியில் பிரேசிலில் நடந்த உலகக் கழகப் போட்டிக்குப் போய்விட்டது. பழியை முழுதும் கழகத்தின் தலையில் போடுவது நியாயமல்ல. 2006 உலகக் கோப்பையை நடத்தும் உரிமை இங்கிலாந்துக்குக் கிடைக்க இது உதவும் என்று நம்பிய கால்பந்துச் சங்கமும் அரசாங்கமும் அவர்களைப் பிடித்துத் தள்ளின. சங்கம், தான் பெற்ற பிள்ளையைத் தானே விலைபேசியது. போன இடத்தில் யுனைடெட் முதல் சுற்றோடு திரும்பியது. உலகக் கோப்பை ஜெர்மனிக்குப் போயிற்று. யுனைடெட்டின் காலியிடத்தை நிரப்ப, தோற்றவர்களுக்குள் சீட்டுப் போட்டு டார்லிங்டன் கழகத்தைப் பிடித்தார்கள்.

அதன் பின் ‘பலவீன அணி’ என்பது சாதாரண வழக்கமாகிவிட்டது. பட்டணத்தில் பெரிய மனிதராகிவிட்ட குடும்பம், கிராமத்துக் குலதெய்வத்தின் பொங்கலுக்குத் தான் போகாமல் வரி அனுப்பி, கூடவே படிக்கிற பையன்கள் இரண்டு பேரை அனுப்பிவைப்பது போல, பெரிய கழகங்கள் கோப்பைப் பந்தயத்துக்கு இளைஞர் அணியை அனுப்பத் தொடங்கின. 2020 பிப்ரவரி 4 அன்று ஷ்ரூஸ்பரியுடன் மறு ஆட்டம் வந்தபோது, அது குளிர்கால ஓய்வு வாரம் என்று காரணம் காட்டி, லிவர்பூலின் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் முதல் அணியை மட்டுமல்ல, தம்மையும் விலக்கிக்கொண்டார். சராசரி வயது பத்தொன்பதைச் சற்றே தாண்டிய பையன்கள் 1-0 என்று வென்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அன்று ஆன்ஃபீல்டுக்கு வந்தவர்கள் 52,399 பேர் என்பது. டிக்கெட் விலையைக் குறைத்திருந்தபடியால், வழக்கமாக உள்ளே நுழையவே முடியாத குடும்பங்களும் குழந்தைகளும் வந்திருந்தார்கள். ரசிகர்கள் கோப்பையைக் கைவிட்டார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எத்தனை தவறு என்பதற்கு அந்த ஓர் இரவே சாட்சி.

1960-இல் தொடங்கிய லீக் கோப்பையின் கதி இதைவிடப் பரிதாபம். அதைக் கொண்டுவந்த ஆலன் ஹார்டேக்கரின் அசட்டுத்தனம் என்று முதலிலேயே பரிகாசம் செய்தார்கள். பெரிய கழகங்கள் பல ஆரம்பத்தில் சேரவே இல்லை. பிற்பாடு பால், மின்சாரச் சாமான், குளிர்பானம், பீர், கடன் அட்டை, கடைசியில் தாய்லாந்து உற்சாக பானம் என்று அது பெயர் மாற்றிக்கொண்டே போவதைப் பார்த்தால் ஏலக் கடை ஞாபகம் வருகிறது. பிரான்ஸில் இதே வகைக் கோப்பையை 2020-உடன் மூடியே விட்டார்கள்.

எஃப்.ஏ. கோப்பையின் மதிப்புக் குறைந்ததை அதிகமாக உணர்ந்தவர்கள் சின்ன ஊர்க்காரர்களே. வாயில் வசூலை இரு கழகங்களும் பங்கிட்டுக்கொள்ளும் சம்பிரதாயம் அதில் இருந்தது. 2005 ஜனவரியில், கடன் மூழ்கடித்துக்கொண்டிருந்த எக்ஸிட்டர் கழகம் மான்செஸ்டருக்குப் போய் யுனைடெட்டுடன் 0-0 என்று சமன் செய்ததும், தன் ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் தோற்றதும் கழகத்தையே பிழைக்க வைத்தன. 2021-இல் தொற்றுநோய் ஊரடங்கின் நடுவே, எட்டாம் தட்டில் ஆடும் மரீன் என்ற கழகம் டாட்டன்ஹாமை வரவழைத்தது. லிவர்பூலுக்குப் பக்கத்து க்ராஸ்பியில், வீடுகளின் கொல்லைப்புற வேலிகளை ஒட்டிய மைதானம். வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் நின்று எட்டிப் பார்க்க, மோரின்யோ பயிற்சியாளராக இருந்த டாட்டன்ஹாம் 5-0 என்று வென்றது. ஒரு ஆளும் உள்ளே வர முடியாத அந்த ஆட்டத்துக்கு, வெறும் உதவியாகவே முப்பதாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கினார்கள். இத்தகைய கழகங்களுக்கு மறு ஆட்டம் என்பது கூரை வேய்வதற்கான காசு. பெரிய கழகங்களின் அட்டவணையில் இடமில்லை என்று சொல்லி, முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்களை 2024-இல் ரத்துசெய்தார்கள். தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று கீழ்த்தட்டுக் கழகங்கள் முறையிட்டுப் பார்த்தன.

ரசிகனின் மனசாட்சியைச் சோதித்த வருஷம் 2013. விகன் கழகத்தின் முதலாளி டேவ் வீலன், 1960-ஆம் வருஷத்து இறுதிப் போட்டியில் பிளாக்பர்னுக்காக ஆடிக் கால் முறிந்து தூக்கிச் செல்லப்பட்டவர். ஐம்பத்து மூன்று வருஷங்கள் கழித்துத் தம் கழகத்தை அதே வெம்பிளிக்குள் முன்னின்று அழைத்து வந்தார். கடைசி நிமிஷத்தில் பென் வாட்சன் தலையால் முட்டிய கோலால் விகன் மான்செஸ்டர் சிட்டியை வென்றது. மூன்றாம் நாள் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறக்கப்பட்டது. கோப்பையா, லீக்கில் இடமா, எதை எடுத்துக்கொள்வீர்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து இங்கிலாந்தின் சாராயக் கடைகளில் தீராத விவாதம். பெரிய கழகத்துக்காரன் லாபநஷ்டம் பேசுகிறான். உள்நாட்டுக் கோப்பை ஒன்றுக்காக எழுபது வருஷம் காத்திருந்து 2025 மார்ச்சில் லீக் கோப்பையை வென்ற நியூகாசில்காரனிடம் அப்படிப் பேசிப் பார்த்திருக்க வேண்டும்.

அதே 2025 மே 17 அன்று, கிரிஸ்டல் பாலஸ் கழகம் எபரேச்சி எஸெயின் கோலால் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று, தன் சரித்திரத்திலேயே முதல் பெரிய கோப்பையைக் கைப்பற்றியது. வென்றவருக்கு யூரோப்பா லீக்கில் இடம் உண்டு என்பது விதி. ஆனால் பாலஸில் பங்கு வைத்திருந்த அமெரிக்கருக்குப் பிரான்ஸின் லியோன் கழகத்திலும் பங்கு இருந்தது. ஒருவர் கையில் இரண்டு கழகங்கள் ஒரே போட்டியில் ஆடக் கூடாதென்று ஐரோப்பியச் சங்கம் தீர்ப்புச் சொல்லி, பாலஸை அதற்கும் கீழான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கிவிட்டது. விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போட்ட அப்பீலும் ஆகஸ்டில் தள்ளுபடி ஆயிற்று. காலியான யூரோப்பா இடம், அரையிறுதியில் தோற்றிருந்தாலும் லீக்கில் ஏழாவதாக வந்திருந்த நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்குக் கொடுக்கப்பட்டது.